விமான ரேடார் படங்கள்: பூமியைக் கவனிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

விமானத்தில் ரேடார் வைத்துப் படம் எடுப்பது என்றால் என்ன? கேமராவில் எடுத்தால் போதாதா?

கேமராவுக்கு வெயில் வேண்டும். ரேடார் தனக்கு வேண்டிய அலையைத் தானே அனுப்பிக்கொள்கிறது. விமானத்தின் அடியில் பொருத்திய ஆன்டெனா நொடிக்கு நூற்றுக்கணக்கான நுண்ணலைத் துடிப்புகளைத் தரையை நோக்கி அனுப்புகிறது. அவற்றில் ஒரு சிறு பகுதி திரும்பி வருகிறது. வந்த அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது, எவ்வளவு நேரம் கழித்து வந்தது, அலையின் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்ற மூன்றையும் கருவி பதிவு செய்கிறது. படம் என்று நாம் பார்ப்பது முதல் இரண்டிலிருந்து பிறக்கிறது. மூன்றாவதான கட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பூமி அறிவியலுக்குப் பெரும்பாலும் அதுதான் முக்கியம்.

ஆகவே இதைப் புகைப்படத்தின் இன்னொரு வகை என்று எண்ணத் தொடங்கினால் போகப்போகக் குழப்பமே மிஞ்சும். தூரத்தை அளக்கும் கருவி ஒன்று பல கோடிப் புள்ளிகளை ஒரே நேரத்தில் அளந்து, அதன் முடிவைப் படமாக அடுக்கித் தருகிறது என்று கொள்வதே சரி.

ரேடார் ஏன் நேர்கீழே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறது?

திரும்பி வர ஆன நேரத்தை வைத்துத்தான் ரேடார் புள்ளிகளைப் பிரித்தறிகிறது. நேர்கீழே பார்த்தால், இடப்பக்கம் 1 கி.மீ. தள்ளி இருக்கும் பாறையும் வலப்பக்கம் 1 கி.மீ. தள்ளி இருக்கும் குளமும் ஒரே நேரத்தில் பதில் தரும். எது எது என்று தெரியாது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் இல்லை.

ஒன்றரை மீட்டர் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு 12 கி.மீ. உயரத்திலிருந்து ஒரு மீட்டர் அளவு நுணுக்கம் எப்படிக் கிடைக்கிறது?

நேர்மையாகக் கணக்குப் போட்டால் கிடைக்கக் கூடாதுதான். ரேடார் கற்றையின் விரிவு என்பது அலைநீளத்தை ஆன்டெனாவின் நீளத்தால் வகுத்தால் வருவது. 24 செ.மீ. அலைநீளம், 1.5 மீட்டர் ஆன்டெனா, தரைக்குச் சாய்வாக 17 கி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், கற்றை தரையைத் தொடும்போது அதன் அகலம் 2.7 கி.மீ. ஆகிவிடும். அந்த அகலத்துக்குள் இருக்கும் ஊரும் வயலும் ஆறும் ஒரே திட்டாகத்தான் தெரியும். ஒரு மீட்டர் நுணுக்கம் வேண்டுமென்றால் 4 கி.மீ. நீள ஆன்டெனா வேண்டும். அதைச் சுமக்கும் விமானம் கிடையாது.

1951இல் அமெரிக்காவின் குட்இயர் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் வைலி இதற்கு ஒரு வழி கண்டார். விமானம் பறந்துகொண்டே இருப்பதால், தரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் கற்றைக்குள் நுழையும்போது சற்றே உயர்ந்த அதிர்வெண்ணிலும், வெளியேறும்போது சற்றே தாழ்ந்த அதிர்வெண்ணிலும் பதில் தரும். டாப்ளர் விளைவுதான். ஒரே தூரத்தில், ஒரே கற்றைக்குள் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு இந்த மாற்றம் ஒன்றுபோல் இருக்காது. எனவே அவற்றைப் பிரித்துவிடலாம். இன்னொரு விதமாகச் சொன்னால், பறக்கும் பாதையில் பல இடங்களில் பெற்ற பதில்களைச் சேமித்துவைத்து, பின்னர் கணினியில் சேர்த்து, சில கிலோமீட்டர் நீளமுள்ள ஆன்டெனா ஒன்றைக் கணக்கிலேயே உருவாக்கிக்கொள்வது. இதற்குத்தான் சிந்தெடிக் அபெர்ச்சர் ரேடார், சுருக்கமாக எஸ்.ஏ.ஆர்., என்று பெயர்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. இப்படிக் கிடைக்கும் நுணுக்கத்தின் எல்லை ஆன்டெனா நீளத்தில் பாதி. தூரம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒரே நுணுக்கத்தில் தெரியும். அதோடு, ஆன்டெனா சிறியதாக இருந்தால்தான் நுணுக்கம் கூடும். தொலைநோக்கியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

பறக்கும் திசைக்குக் குறுக்கே உள்ள நுணுக்கம் வேறு வழியில் வருகிறது. அனுப்பும் துடிப்பு எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டையைக் கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. 80 மெகாஹெர்ட்ஸ் பட்டை என்றால் சுமார் 1.9 மீட்டர்.

மேகம், இருட்டு, மழை எதுவும் தடையில்லையா?

இருட்டு தடையே இல்லை. மேகமும் அப்படித்தான். பனாமாவின் தாரியன் பகுதி ஆண்டு முழுவதும் மேகத்தில் மூழ்கிக் கிடப்பதால் விமானப் புகைப்படம் எடுக்கும் முயற்சிகள் திரும்பத் திரும்பத் தோற்றன. 1967இல் பக்கவாட்டு ரேடார் பொருத்திய விமானம் போய்தான் அந்தப் பகுதி ஒரே வீச்சில் வரைபடத்துக்குள் வந்தது. 1970களின் தொடக்கத்தில் பிரேசில் ‘ரடாம்’ என்ற திட்டத்தில் அமேசான் படுகையையே இப்படிப் படமெடுத்தது.

மழை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 3 செ.மீ. அலைநீளத்தில் வேலை செய்யும் ரேடாருக்குப் பெருமழை திரைபோல் தெரியும். 24 செ.மீ. அலைநீளத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கருவிக்கு மழை பொருட்டில்லை என்பதால் விமானத்துக்கும் இல்லை என்று ஆகாது. புயலுக்குள் யாரும் பறப்பதில்லை.

எக்ஸ், சி, எஸ், எல், பி என்று பேண்டுகளைச் சொல்கிறார்களே, எது நல்லது?

பேண்டு என்பது ரேடார் பயன்படுத்தும் அலைநீளத்தின் வகை. எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அலை தன் நீளத்துக்கு நிகரான அல்லது அதைவிடப் பெரிய பொருள்களோடுதான் வலுவாக மோதும். எக்ஸ் பேண்டின் அலைநீளம் 3 செ.மீ. அளவு. அது மரத்தின் உச்சி இலைகளிலேயே சிதறிவிடும். சி பேண்டு 5.6 செ.மீ. அளவு, சிறு கிளைகள் வரை போகும். எஸ் பேண்டு 10 செ.மீ. சுற்றி. எல் பேண்டு 24 செ.மீ.; இலைகளைக் கடந்து பெருங்கிளை, அடிமரம், சில இடங்களில் தரை வரை எட்டும். பி பேண்டு 70 செ.மீ. அளவு, அடர்ந்த வெப்பமண்டலக் காட்டிலும் தரையைத் தொட்டுத் திரும்பும்.

வறண்ட மணலில் இன்னும் ஆழமாகப் போகலாம். 1981இல் விண்வெளி ஓடத்தில் சென்ற எல் பேண்டு ரேடார் ஒன்று, கிழக்குச் சகாராவில் மணலுக்கு அடியில் புதைந்து கிடந்த பழைய ஆற்றுத் தடங்களைக் காட்டியது. அங்கே மண்ணில் ஈரமே இல்லை என்பதால்தான் அது நடந்தது. ஈர மண்ணில் எல் பேண்டு சில சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. ‘ரேடார் நிலத்துக்கு அடியில் பார்க்கும்’ என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்.

தரை சில சென்டிமீட்டர் நகர்ந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நுணுக்கமே ஒரு மீட்டருக்கு மேல் அல்லவா?

இந்தத் துறையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். ஒரு புள்ளியின் அகலம் 2 மீட்டராக இருக்கலாம். ஆனால் அந்தப் புள்ளிவரை உள்ள தூரத்தில் ஏற்படும் மாற்றத்தை அலையின் கட்டத்தைக் கொண்டு அளக்கிறார்கள். கட்டம் என்பது கடிகாரத்தின் நிமிட முள் போன்றது. அலை ஒரு முழு நீளம் கூடுதலாகப் பயணித்தால் முள் ஒரு முழுச் சுற்று சுற்றும். போய்வரும் பயணம் என்பதால், தரை அரை அலைநீளம் நகர்ந்தாலே ஒரு சுற்று முடிந்துவிடும். எல் பேண்டில் அது 12 செ.மீ. ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்கை வாசிக்க முடிந்தாலே ஒரு சென்டிமீட்டர் அளவு நகர்வு தெரிந்துவிடுகிறது.

அதற்கு ஒரே இடத்தை இரண்டு முறை, ஒரே பாதையில் பறந்து எடுக்க வேண்டும். இரண்டு படங்களின் கட்டங்களைக் கழித்தால் வருவது இன்டர்ஃபெரோகிராம். வானவில் வளையங்கள் போட்ட வரைபடமாக அதை நீங்கள் செய்திகளில் பார்த்திருக்கலாம்.

ஒரே பாதை என்று சொல்வது எளிது. வானத்தில் தண்டவாளம் கிடையாது. நாசாவின் யூ.ஏ.வி.எஸ்.ஏ.ஆர். என்ற எல் பேண்டு ரேடார் 2007இல் பறக்கத் தொடங்கியபோது, அதைச் சுமந்த கல்ஃப்ஸ்ட்ரீம் 3 விமானத்துக்காகத் தனியாக ஒரு தானோட்டி அமைப்பு உருவாக்கப்பட்டது. 12.5 கி.மீ. உயரத்தில், 10 மீட்டர் விட்டமுள்ள கற்பனைக் குழாய் ஒன்றுக்குள்ளேயே விமானத்தை நிறுத்திவைப்பது அதன் வேலை. மாதங்கள் கழித்து மறுபடி வந்தாலும் அதே குழாய். பக்கக் காற்றில் விமானத்தின் மூக்கு திரும்பினால், ஆன்டெனாவின் கற்றையை மின்னணு முறையில் திருப்பி, முன்பு பார்த்த அதே கோணத்தில் பார்க்க வைக்கிறார்கள். மீதமுள்ள அசைவுகளைக் கணக்கில் திருத்துகிறார்கள். இயற்பியலைவிட இந்தப் பொறியியல்தான் கடினமானது என்பது என் கருத்து.

பிழைகள் வரும் வழிகளும் உண்டு. இரண்டு பயணங்களுக்கு இடையில் காற்றில் நீராவி அளவு மாறியிருந்தால் அலை சற்றே தாமதமாகும். தரை நகர்ந்ததுபோல் தோன்றும். உழுத வயல், வளர்ந்த பயிர், பெய்த பனி ஆகியவற்றில் புள்ளிக்குள் இருக்கும் சிறு பொருள்களே இடம் மாறிவிடுவதால் கட்டத்தை ஒப்பிடவே முடியாது. இன்னொன்று: நிமிட முள்ளை மட்டும் பார்த்து மணி சொல்ல முடியாததுபோல், எத்தனை முழுச் சுற்றுகள் கடந்தன என்பது நேரடியாகத் தெரியாது. பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டு ஊகித்து அவிழ்க்க வேண்டும்.

இது நிஜமாகவே பயன்பட்ட இடம் ஏதாவது சொல்லுங்கள்.

இரண்டு சொல்கிறேன். முதலாவது எதிர்பார்த்துச் செய்தது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவுப் பகுதியை யூ.ஏ.வி.எஸ்.ஏ.ஆர். வழக்கமாகக் கண்காணித்துவந்தது. 2009 அக்டோபரில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய கலிஃபோர்னியப் பகுதியைப் படமெடுத்தது. 2010 ஏப்ரல் 4ஆம் தேதி எல்லைக்குத் தெற்கே 7.2 அளவில் எல் மேயர் குக்காபா நிலநடுக்கம் வந்தது. ஏப்ரல் 13ஆம் தேதி அதே பாதையில் மறுபடி பறந்தார்கள். இரண்டையும் கழித்ததில் தரை 80 செ.மீ. வரை இடம்பெயர்ந்தது தெரிந்தது. பெரிய பிளவோடு சேர்ந்து சுற்றிலும் இருந்த சிறு பிளவுகள் சற்றே நழுவியிருந்ததும் மெல்லிய கோடுகளாகப் பதிவாகியிருந்தது. நடந்து சென்று தேடியிருந்தால் அவற்றில் பலவற்றைக் கடந்தே போயிருப்பார்கள்.

இரண்டாவது யாரும் எதிர்பாராதது. லூசியானாவில் பயூ கார்ன் என்ற சிற்றூர். அங்கே நிலத்தடி உப்புக் குன்றிலிருந்து உப்பெடுத்த குகை ஒன்றின் சுவர் இடிந்து, 2012 ஆகஸ்ட் 3ஆம் தேதி சதுப்புக் காட்டுக்குள் பெரும் குழி திறந்துகொண்டது. சுமார் 350 பேர் வெளியேற வேண்டியிருந்தது. வளைகுடாக் கரையோர நிலம் அமிழ்வதைப் பார்ப்பதற்காக 2011 ஜூனிலும் 2012 ஜூலைத் தொடக்கத்திலும் அந்தப் பகுதிக்கு மேல் யூ.ஏ.வி.எஸ்.ஏ.ஆர். பறந்திருந்தது, குழிக்காக அல்ல. நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த கேத்லீன் ஜோன்ஸும் ரொனால்டு ப்ளோமும் பின்னர் அந்தப் படங்களை எடுத்து ஒப்பிட்டார்கள். குழி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே தரை 26 செ.மீ. வரை நகர்ந்திருந்தது. அதுவும் கீழ்நோக்கி அல்ல; பெரும்பாலும் பக்கவாட்டில், பின்னர் குழி திறந்த இடத்தை நோக்கி. 2014இல் இது வெளியானது.

எச்சரிக்கை அங்கே கிடந்தது, யாரும் பார்க்கவில்லை என்று குறை சொல்லத் தோன்றும். அது நியாயமில்லை. அப்படி ஒன்றைத் தேட வேண்டும் என்றே அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் அதிலிருந்து ஒன்று உறுதியாகிறது: தரையின் நகர்வை அளக்க, முன்பே ஒரு படம் இல்லாமல் பிறகு எடுக்கும் படத்துக்கு மதிப்பில்லை. விபத்து நடந்த பிறகு ‘உடனே ரேடார் விமானத்தை அனுப்புங்கள்’ என்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த இடத்துக்குப் பழைய படம் இருக்கிறதா என்பதே.

ரேடார் செயற்கைக்கோள்கள் இத்தனை சுற்றும்போது விமானம் எதற்கு?

உலகம் முழுவதையும் ஒழுங்காகத் திரும்பத் திரும்பப் பார்க்க விமானத்தால் முடியாது. ஒரு பயணத்தில் 20 கி.மீ. அகலப் பட்டைதான். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள் ஒரே வீச்சில் 240 கி.மீ. அகலத்தைப் பார்த்துவிடும். செலவுக் கணக்கிலும் விமானம் தோற்கும்.

ஆனால் செயற்கைக்கோள் தன் நேரப்படிதான் வரும். நிசார் ஒரே பாதைக்கு 12 நாள் கழித்தே திரும்புகிறது. நமக்கு வேண்டிய கேள்வி அரைமணி நேரத்தில் நடக்கும் ஒன்றைப் பற்றியதாக இருந்தால்? 2021இல் மிசிசிப்பி கழிமுகத்தில் நடந்த டெல்டா-எக்ஸ் ஆய்வில், ஓதம் ஏறி இறங்கும்போது சதுப்பு நிலத்துக்குள் நீர்மட்டம் எப்படி மாறுகிறது என்பதை அறிய, சுமார் அரைமணி இடைவெளியில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். எந்தச் செயற்கைக்கோளாலும் அது ஆகாது.

திசையும் முக்கியம். பெரும்பாலான ரேடார் செயற்கைக்கோள்கள் துருவப் பாதையில் செல்வதால் கிழக்கு அல்லது மேற்கு நோக்கியே பார்க்கின்றன. நிலம் வடக்கு தெற்காக நகர்ந்தால் அவற்றுக்குச் சரியாகத் தெரியாது. விமானம் எந்தத் திசையிலும் பறக்கலாம். மூன்று நான்கு திசைகளிலிருந்து பார்த்து, நிலச்சரிவு ஒன்றின் நகர்வை முப்பரிமாணத்தில் பிரித்துச் சொல்லலாம். தவிர, எல், பி பேண்டு அலைகளைக் குலைக்கும் அயனி மண்டலம் விமானத்துக்கு வெகு மேலே இருக்கிறது. அந்தத் தலைவலி முற்றாக இல்லை.

கடைசியாக, ஒத்திகை. விண்ணுக்கு அனுப்பிய கருவியைப் பழுதுபார்க்க முடியாது. அதனால் முதலில் விமானத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நிசாருக்கு முன்பாக இஸ்ரோ தயாரித்த எல், எஸ் இரட்டை பேண்டு விமான ரேடார், 2019இல் நாசாவின் விமானத்தில் ஏறி அமெரிக்காவில் பறந்தது. 2025 ஜூலை 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் புறப்பட்டபோது, அதன் தரவு எப்படியிருக்கும் என்று ஆய்வாளர்களுக்கு ஓரளவு முன்பே தெரிந்திருந்தது.

காட்டில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று ரேடார் சொல்லுமா?

நேரடியாகச் சொல்லாது. ரேடார் அளப்பது சிதறல். அதை மரத்தின் எடையாக மாற்ற, தரையில் மரங்களைச் சுற்றளவு எடுத்துக் கணக்கிட்ட மாதிரித் திடல்கள் வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. காடு அடர்த்தியாக ஆக, ஒரு கட்டத்துக்கு மேல் சிதறல் கூடுவதில்லை. எல் பேண்டில் ஹெக்டேருக்குச் சுமார் 100 டன்னைத் தாண்டினால் நம்பிக்கை குறையத் தொடங்கும். மூத்த மழைக்காடுகள் அதைவிடப் பல மடங்கு கனமானவை.

பி பேண்டுக்கு அங்கேதான் வேலை. ஆனால் அந்த அலைவரிசையை விண்ணிலிருந்து பயன்படுத்தப் பல காலம் அனுமதியே இல்லை. 2003இல்தான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இடம் ஒதுக்கியது. 2009இல் பிரெஞ்சு கயானாவிலும், 2015, 2016இல் கபோனிலும் விமானங்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகளே, ஐரோப்பிய விண்வெளி முகமையின் பயோமாஸ் செயற்கைக்கோளுக்கு அடித்தளம் போட்டன. அது 2025 ஏப்ரல் 29ஆம் தேதி ஏவப்பட்டது. இன்றும் வட அமெரிக்கா, ஐரோப்பாவின் மேல் அது இயங்க முடியாது. ஏவுகணைகளைக் கண்காணிக்கும் தரைரேடார்கள் அதே அலைவரிசையில் இருக்கின்றன.

விமானத்தால் இன்னொன்றும் செய்யலாம். சிறிது சிறிது உயரம் மாற்றி இணையான பல பாதைகளில் பறந்தால், எதிரொலி எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று அடுக்கடுக்காகப் பிரிக்க முடியும். மருத்துவமனை ஸ்கேன்போல் காட்டின் குறுக்குவெட்டு கிடைக்கும்.

கடலில் எண்ணெய் கசிந்தால்?

கடற்பரப்பின் சிற்றலைகள்தான் ரேடார் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. எண்ணெய் அந்தச் சிற்றலைகளை அடக்கிவிடும். ஆகவே எண்ணெய்ப் படலம் கருப்பாகத் தெரியும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் விபத்துக்குப் பின், ஜூன் மாதத்தில் யூ.ஏ.வி.எஸ்.ஏ.ஆர். அங்கே பறந்தது. எண்ணெய் இருக்கிறது என்பதோடு நிற்காமல், தடித்துக் கலங்கிய எண்ணெய் எது, மெல்லிய படலம் எது என்று பிரிக்க அந்தத் தரவு உதவியது. கருவியின் சொந்த இரைச்சல் மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம். எண்ணெய்க்கு மேல் திரும்பி வரும் அலை மிக மெல்லியது. பல செயற்கைக்கோள்களில் அது இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். பராட்டாரியா விரிகுடாவின் புல்வெளிச் சதுப்புக்குள் எண்ணெய் புகுந்ததையும் ஆராய்ந்தார்கள்.

கருப்பாக இருப்பதெல்லாம் எண்ணெய் அல்ல. காற்றே வீசாத கடல் கருப்பாகத்தான் இருக்கும். பாசியும் மீன்கூட்டமும் வெளியிடும் இயற்கைக் கொழுப்புப் படலமும் அப்படியே. காற்று மிக வேகமாக வீசினால் எண்ணெய் கலைந்து தெரியாமலே போய்விடும். படத்தோடு அன்றைய காற்று வேகத்தைச் சேர்த்து வாசிக்காத எண்ணெய் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

வெள்ளம்?

திறந்த நீர்ப்பரப்பு அலையை அப்பால் தெறிக்கவிடுவதால் கருப்பு. மரங்களுக்கு அடியில் நீர் நின்றால் நேர்மாறு: அலை நீரில் பட்டு, அடிமரத்தில் பட்டு, விமானத்துக்கே திரும்பும், பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். காட்டுக்கு அடியில் தேங்கிய வெள்ளத்தை மேலிருந்து காட்டக்கூடிய கருவிகளில் எல் பேண்டு ரேடாருக்கு இணையில்லை. நகரங்களில் சிக்கல்; கட்டடங்கள் எப்போதுமே வெள்ளையாகத் தெரிவதால், தெருவில் நீர் நிற்கிறதா என்பது எளிதில் பிடிபடாது.

பனியும் உறைமண்ணும்?

பனியில் வேலை அலைநீளத்தைப் பொறுத்து முற்றிலும் மாறும். நாசாவின் கிளிஸ்டின் ரேடார் 8 மி.மீ. அளவு அலைநீளத்தில் இயங்குகிறது. பனிக்குள் அதிகம் இறங்காமல் மேற்பரப்பிலேயே திரும்பும். ஒரே விமானத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் இருப்பதால் ஒரே பயணத்தில் உயர வரைபடம் கிடைக்கிறது. கிரீன்லாந்தின் கடலோரப் பனியாறுகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மெலிகின்றன என்று 2016 முதல் சில ஆண்டுகள் இதைக்கொண்டு அளந்தார்கள்.

எல் பேண்டு உலர்பனியை ஊடுருவிவிடும். ஆனால் பனிக்குள் அலையின் வேகம் குறைவதால் கட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து இரண்டு பயணங்களுக்கு இடையில் எவ்வளவு நீருக்குச் சமமான பனி பெய்தது என்று கணக்கிடலாம். பனி ஈரமாகிவிட்டால் இந்த வழி அடைபடும். அலாஸ்காவிலும் வடமேற்குக் கனடாவிலும் உறைமண் கோடையில் இளகி மேல்மண் சில சென்டிமீட்டர் இறங்குவதை எல், பி பேண்டு ரேடார்களைக் கொண்டு கவனித்துவருகிறார்கள்.

படங்களில் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலம் நிஜ நிறங்களா?

இல்லை. அலையின் அதிர்வுத் திசையை மாற்றி அனுப்பியும் வாங்கியும் பெற்ற பதிவுகளுக்கு மனிதர்கள் பூசிய நிறங்கள். அதிகம் புழங்கும் ஒரு முறையில், வெற்று நிலம், நீர் போன்ற பரப்புச் சிதறல் நீலம். கிளைகளுக்குள் பலமுறை மோதி வந்தது பச்சை. சுவரும் தரையும் போல ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு பரப்புகளில் பட்டுத் திரும்பியது சிவப்பு. காடு பச்சையாக வருவது தற்செயல் அல்ல, நிறத்தைத் தேர்ந்தவர்களின் ரசனை.

புதிதாகப் பார்ப்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

மலையில். ரேடார் தூரத்தின் வரிசையில் அடுக்குவதால், விமானத்துக்கு நெருக்கமான மலையுச்சி அடிவாரத்துக்கு முன்பே பதிவாகி, மலை விமானத்தை நோக்கிச் சாய்ந்து விழுந்ததுபோல் இருக்கும். மறுபக்கச் சரிவில் கருநிழல். அங்கே தரவே இல்லை. அதை ஏரி என்று நினைத்தவர்கள் உண்டு. விமானத்தில் இன்னொரு சிக்கல்: பட்டையின் அருகு ஓரத்தை 25 பாகைச் சாய்விலும் தொலை ஓரத்தை 65 பாகைச் சாய்விலும் பார்ப்பதால், ஒரே வகைப் பயிர்கூட இரண்டு ஓரங்களில் இரண்டு விதமாகத் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உப்பும் மிளகும் தூவியதுபோன்ற புள்ளிகளைக் கருவிப் பழுது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு பரப்புகளின் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் வருவதன் விளைவு அது. பக்கத்துப் புள்ளிகளைச் சராசரி எடுத்தால் அடங்கும். நுணுக்கமும் அதே அளவு குறையும்.

தரையில் இருப்பவர்களுக்குக் கதிர்வீச்சு ஆபத்து உண்டா? வீட்டுக்குள் பார்க்குமா?

துடிப்பு வெளியேறும் அந்த நொடித்துளியில் யூ.ஏ.வி.எஸ்.ஏ.ஆர். சுமார் 3 கிலோவாட் அனுப்புகிறது. துடிப்புகளுக்கு இடையில் பெரும்பாலான நேரம் மௌனம், 12 கி.மீ.க்கு மேல் பரவித் தரையைத் தொடும்போது அதன் செறிவு உடலுக்குப் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆளையோ முகத்தையோ வண்டி எண்ணையோ 2 மீட்டர் புள்ளிகளில் காண வழியில்லை. மற்றக் கருவிகளுக்கு இடைஞ்சல் தராமல் இருப்பதுதான் உண்மையான கவலை. எல் பேண்டில் ஜி.பி.எஸ்.ஸும் விமானப் போக்குவரத்து ரேடார்களும் பக்கத்துப் பக்கத்தில் இயங்குவதால் அலைவரிசை அனுமதி பெறாமல் எந்த நாட்டிலும் இயக்க முடியாது.

தரவு எனக்குக் கிடைக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

யூ.ஏ.வி.எஸ்.ஏ.ஆர். தரவு முழுவதும் இலவசம். அலாஸ்கா சேட்டிலைட் ஃபெசிலிட்டி என்ற காப்பகத்தில் பதிவு செய்துகொண்டு இறக்கிக்கொள்ளலாம். அங்கே 1988 முதல் 2004 வரை நாசாவின் டி.சி.-8 விமானத்தில் பறந்த ஏர்சார் என்ற பழைய ரேடாரின் படங்களும் உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்னாப், போல்சார்ப்ரோ என்ற, ரேடார் தரவை அலசும் இரண்டு மென்பொருள்களும் காசில்லாமல் கிடைக்கின்றன.

முதலிலேயே கச்சா சிக்கலெண் கோப்பை, அதாவது அலையின் வலுவும் கட்டமும் சேர்ந்த கோப்பை, இறக்காதீர்கள். ஒரு பறப்புக்கே பல ஜிகாபைட் வரும், கணினி திணறும். நிலப்படத்தோடு ஏற்கெனவே பொருத்திவைத்த கோப்பை எடுத்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வகை நிலப்பரப்பை, அதாவது ஓர் ஆற்றையோ வயல்வெளியையோ, மணிக்கணக்கில் பாருங்கள். எது ஏன் கருப்பு, எது ஏன் வெள்ளை என்று சொல்ல முடிந்த பிறகு இன்டர்ஃபெரோகிராமுக்குப் போகலாம். அதற்கு, ஒரே பாதை எண்ணில் இரண்டு தேதிகள் இருக்கும் இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். பருவம் ஒன்றாக இருந்தால் செடிகொடிகளின் தொல்லை குறையும்.